இரண்டு கையும் தெரிகிற போன்

1

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனம்போலப் புளுகலாம். இந்தக் கதை என்னுடைய தப்பில் பிறந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், எழுத்தாளன் ஆகித் தொலைக்காத நல்ல காலத்தில், நான் ஒரு போன் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். பொத்தானே இல்லாத போன்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. விரலால் தள்ளினால் படம் நகர்கிறது என்பதைப் பார்க்கவே கடைக்குள் கூட்டம் வரும். பெரிய மனுஷர்கள்கூட ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, இன்னொருதரம் தள்ளுவார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். பாட்டு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று கேட்கவில்லை. கீழே விழுந்தால் உடையுமா என்றும் கேட்கவில்லை. அவள் கேட்டது இது:

"இதுல ரெண்டு கையும் முழுசா தெரியுமா?"

அதற்கு நான் சொன்ன பதில்தான் தப்பு. அது நாலாம் பகுதியில் வரும். கொஞ்சம் பொறுங்கள், எனக்கே கூச்சமாக இருக்கிறது.

2

இந்தக் கதையை எத்தனை விதமாகத் தொடங்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

"வானம் கறுத்திருந்தது. அவள் கண்களில் ஒரு இனம்புரியாத—" [வேண்டாம். வானத்தை யார் பார்த்தது? கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சம். கண்ணில் இருந்ததும் நன்றாகவே இனம் புரிந்தது. அவசரம்.]

"மனிதன் பேசத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை தகவல் தொடர்பு என்பது—" [பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவன் நான். பழக்கதோஷம்.]

"அவள் தையற்காரி." [இது இருக்கட்டும்.]

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கடையில் நின்றவன் நான்தான் என்றாலும், கதைக்குள் அவனை 'விற்பனையாளன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் அவனுக்குப் பரிந்து பேசத் தோன்றுகிறது. ஒரு வரைவில் அவனுக்குச் சுருட்டை முடிகூட வைத்துவிட்டேன். அடித்தாயிற்று.

3

அவள் தையற்காரி. சொந்தமாக ஒரு கடை, இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, துணி போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று. வெட்டுவது முழுக்க அவள் கை. கத்தரியைத் துணியில் வைத்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அவளுக்குப் பேர் என்னவாக இருந்தாலும் இந்தக் கதையில் அவள் அக்கா. அவளை இந்தக் கதைக்குள் இழுத்து வந்தது அவள் தம்பி.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் மற்றவர்கள் அவனிடம் வா, போ, சாப்பிடு, தூங்கு என்ற நாலு சைகையை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். அக்காவும் தம்பியும் மட்டும் சின்ன வயதில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், ஒரு மொழியைத் தாங்களே செய்துகொண்டார்கள். தலைக்கு மேலிருந்து பத்து விரலும் உதறிக்கொண்டு இறங்கினால் மழை. மூக்கு நுனியைப் பிடித்து இழுத்தால் பொய். இரண்டு கன்னத்தையும் உப்பிவைத்துக்கொண்டால் கணக்கு வாத்தியார். இப்படி முந்நூறு சொல் இருக்கும். உலகத்தில் மொத்தம் இரண்டே பேர் பேசிய மொழி. அதில் தம்பி பெரிய வாயாடி. கை ஓயவே ஓயாது. ஒரே நேரத்தில் சாப்பிடவும் பேசவும் முடியாததால் சோறு ஆறிப்போகும்.

அப்படிப்பட்டவன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூரத்து நகரத்தில் அச்சகத்து வேலைக்குப் போனான். கடைசியாக வந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. நடுவில் எல்லாம் குறுஞ்செய்திதான். எழுத்து அவனுக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி, பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான். 'நலம். வேலை உண்டு. நீ நலமா.' மூன்று வருஷமாக அக்கா படித்தது இந்த மூன்று வரியைத்தான். அதில் தம்பி எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்ப்பாள். காணவே காணோம்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி வந்தது.

'முக்கிய விஷயம். எழுத வராது. கையால் சொல்வேன். கேமரா போன் வாங்கு. ஞாயிறு மூன்று மணி.'

கீழே ஒரு செயலியின் பேர். படம் பார்த்துப் பேசுகிற செயலி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போகிற காது கேளாதோர் சங்கத்தில்தான் இணைய வசதி இருந்தது. அதனால்தான் அந்த நாளும் அந்த நேரமும்.

நாலு நாள் அக்காவுக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? மிஷினில் கையை விட்டுக்கொண்டானா? (இந்த நினைப்பு வந்தபோது கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாளாம்.) பயத்துக்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது, அதை அவளால் மறைக்க முடியவில்லை. என்ன விஷயமாக இருந்தால் என்ன, அவன் கையை மறுபடி பார்க்கப் போகிறாள்!

4

கடையில் அவளுக்குக் காட்ட இரண்டு போன்கள் இருந்தன.

"எனக்கு கேமரா நல்லா இருக்கணும். ரெண்டு கையும் தெளிவா தெரியணும்," என்றாள்.

விற்பனையாளன் நல்ல உற்சாகத்தில் இருந்தான். "அப்படின்னா இதுதாங்க. கேமராவுல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. நகத்துல இருக்கிற அழுக்குகூடத் தெரியும்."

"அந்த இன்னொண்ணு?"

"அதுல பின்னாடி கேமரா சுமார்தான். முன்னாடி ஒரு பொட்டு மாதிரி இன்னொரு கேமரா வெச்சிருக்கான். அது எதுக்குங்க, தலைசீவவா?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அவன் காட்டியதையே வாங்கிக்கொண்டாள்.

[இங்கே ஒரு வரைவில் விற்பனையாளன், "யாரோட கைங்க தெரியணும்?" என்று கேட்கிறான். அவள் விவரம் சொல்ல, அவன் சரியான போனை எடுத்துக் கொடுக்கிறான். எல்லாருக்கும் நல்லது நடக்கிறது, கதையும் அங்கேயே முடிந்துபோகிறது. அந்த வரைவை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஆனால் நடந்தது அதுவல்ல. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பார்த்துவிட்டு, தைக்கிற கையைப் படம் பிடிக்கத்தான் கேட்கிறாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.]

செயலியையும் அவன்தான் ஏற்றிக் கொடுத்தான். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினான். நாளைக்கு ஞாயிறு, கடை லீவு என்பதையும் சொன்னான். அந்தத் தகவல் மட்டும் சரியாக இருந்தது.

5

போன் வாங்கிய முதல் நாள் என்று ஒன்று உண்டே, அதை எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. இப்போது வீட்டுக்கு நாலு போன் கிடக்கிறது, யாருக்கும் அந்தப் படபடப்பு ஞாபகம் இல்லை.

அக்கா பெட்டியைக் கிழிக்காமல் திறந்தாள். கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை எடுக்கலாமா கூடாதா என்று பத்து நிமிஷம் யோசித்து, எடுக்காமல் விட்டாள். விரல் வைத்தாள். படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. "ஐயோ!" என்று வாய்விட்டுச் சொன்னாள், அறையில் யாரும் இல்லை. வலது கை நடுவிரலுக்கு மட்டும் போன் மசியவில்லை. முப்பது வருஷம் ஊசியைத் தள்ளிக் காய்த்துப்போன விரல். "என்னை யாருன்னு தெரியலையா உனக்கு?" என்று போனைத் திட்டிவிட்டு ஆட்காட்டி விரலுக்கு மாறினாள். சாக்கட்டித் தூள் படிந்து திரை வெளுத்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்ததில் யாருக்கோ போன் போய்விட்டது. பார்த்தால், சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு ஆறு மாதமாக வராத ஒரு ஆசாமி. எடுத்தது எடுத்தாயிற்று என்று அவரையும் நாலு வார்த்தை கேட்டுவைத்தாள்.

வைஃபைக்கு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர்காரர் உதவினார். கடையின் பின்மூலையில், அளவுக் கண்ணாடி இருக்கும் பக்கத்தில் மட்டும் சிக்னல் நன்றாக இருந்தது.

ஞாயிறு இரண்டரை மணிக்கு ஒத்திகை பார்த்தாள். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தபோதே முதல் சிக்கல் தெரிந்தது. ஒரு கை போனுக்குப் போய்விட்டால் பாதி வாயை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி. சரி, எங்காவது நிறுத்திவைத்துக்கொள்வோம் என்று இரண்டு நூல் கண்டுகளுக்கு நடுவே போனைச் செருகி நிறுத்தினாள். செயலியைத் திறந்தாள். திரையில் அவளைக் காணவில்லை. சுவர் தெரிந்தது.

போனைத் திருப்பினாள். கேமரா அவளைப் பார்த்தது. திரை சுவரைப் பார்த்தது.

மறுபடி திருப்பினாள். திரை அவளைப் பார்த்தது. கேமரா சுவரைப் பார்த்தது.

அவள் பேசினால் தம்பி பேசுவதைப் பார்க்க முடியாது. தம்பி பேசுவதைப் பார்த்தால் அவள் பேச முடியாது. போன் கடை பூட்டிக் கிடக்கிறது. மணி இரண்டே முக்கால். விற்பனையாளனை அவள் அப்போது என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பதை அவளே பிறகு சொன்னாள். எழுத்தில் கொண்டுவர முடியாதவை கைமொழியில் மட்டும் இல்லை.

6

இங்கே என் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். "அந்தம்மா அடுத்துச் செய்யறது நம்புற மாதிரி இல்லையே. ஒரு டெய்லருக்கு இதெல்லாம் எப்படித் தோணும்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை. துணியின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்து மடித்து, இடது கை வலமாகவும் வலது கை இடமாகவும் வெட்டி, தைத்து, திருப்பிப் போட்டால் சட்டையாக வருகிறதே, அதைத் தினமும் செய்கிறவளுக்குத் தோன்றாமல் உங்களுக்கா சார் தோன்றும் என்று கேட்டேன்.* மனிதர் பேச்சை மாற்றிவிட்டார்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு அளவுக் கண்ணாடிக்கு முன்னால் போனாள். ஒரு ஸ்டூலை இழுத்து, அதன்மேல் துணிக்கட்டுகளை அடுக்கி, நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தாள். நூல் கண்டுகளை வைத்து நடுவில் போனைச் செருகினாள். போனின் முகம் கண்ணாடியைப் பார்க்க, முதுகு இவளைப் பார்க்க. கேமரா முதுகில்தானே இருக்கிறது? பின்னால் வந்து நின்றாள். கேமரா அவளைப் பார்த்தது. திரையைக் கண்ணாடி பார்த்தது. கண்ணாடியை அவள் பார்த்தாள்.

நேர் பின்னால் நின்றபோது போன் தன் முதுகாலேயே தன் முகத்தை மறைத்தது. அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்றாள். கண்ணாடிக்குள் தெரிந்த போன் திரையில், சின்னதாக, இடவலம் மாறி, அவளே தெரிந்தாள். கையைத் தூக்கினாள். இரண்டு கையும் தெரிந்தன.

மணி இரண்டு ஐம்பத்தாறு. நாலு நிமிஷம் மிச்சம் இருக்கிறது, தலைசீவிக்கொண்டாள்.

[* சொன்னேனே தவிர, வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் செய்துபார்த்தேன். வருகிறது. நீங்களும் செய்துபார்க்கலாம், போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.]

7

மூன்று மணிக்கு போன் அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து நூல் கண்டுகளுக்கு நடுவிலிருந்து நழுவப் பார்த்தது. அக்கா பாய்ந்து பிடித்து, பச்சையைத் தொட்டு, பழையபடி நிறுத்தி, ஓடிவந்து தன் இடத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தம்பி.

மீசை வைத்திருந்தான்!

அவன் இவளைப் பார்த்தான். இரண்டு கையும் மேலே போயின. அப்புறம் அவன் பேசத் தொடங்கினான்.

[இதை எப்படி எழுதுவது என்று மூன்று வாரம் முட்டிக்கொண்டேன். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது என் தமிழ் ஆகிவிடுகிறது, அவன் கை காணாமல் போகிறது. கைகளை மட்டும் வருணித்தால் உடற்பயிற்சிப் புத்தகம் மாதிரி இருக்கிறது. நல்லவேளை, இந்த இடத்தில் எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏனென்றால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அக்காவுக்கும் புரியவில்லை.]

கை வழவழவென்று ஓடியது. விரல்கள் சேர்ந்தன, பிரிந்தன, நெற்றிக்குப் போய்த் தோளுக்கு வந்தன. முகமும் சேர்ந்து பேசியது, புருவம் ஏறி இறங்கியது. படம் நடுநடுவே திக்கித் திக்கி வந்தபோதும் அதில் ஒரு அழகு இருந்தது. மழையும் இல்லை, பொய்யும் இல்லை, கணக்கு வாத்தியாரும் இல்லை. சங்கத்தில் ஆயிரம் பேர் பேசுகிற மொழியை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அக்கா ஊகிப்பதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனோடு பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றால் சந்தோஷம் இல்லாமல் என்ன? ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு கூடவே, நான் எங்கே போவேன் என்று இருந்தது. முந்நூறு சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தில் தான் ஒருத்தி மட்டும் மிஞ்சிவிட்டோமோ என்று இருந்தது. முக்கியமான விஷயத்தை அவன் எதிரிலேயே நின்று சொல்கிறான், அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

புரியல, என்று கையை விரித்தாள்.

தம்பி சட்டென்று நிறுத்தினான். தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். சிரித்தான். இரு இரு என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் படத்தைவிட்டே போய்விட்டான். காலி நாற்காலி தெரிந்தது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாற்காலியையே பார்த்தாள்.

ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நீலச் சட்டை, சின்ன முகம், அவளும் பதற்றத்தில் இருந்தாள். படத்துக்கு வெளியே இருந்த தம்பியை ஒருதரம் பார்த்தாள். மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, புதுசாகச் சைக்கிள் ஓட்டுகிறவள் மாதிரித் தட்டுத்தடுமாறி, ஒவ்வொன்றாகச் செய்தாள்.

நான் / நாற்பது நாள் / படித்தேன் / உங்கள் இரண்டு பேர் பேச்சு.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கை, அவள் சொல், எட்டு வயதில் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தம்பியும் அவளும் செய்த சொல், முன்பின் தெரியாத ஒருத்தியின் விரலில்!

இங்கே / மழை, என்றாள் அந்தப் பெண், பத்து விரலையும் உதறி. அது அங்கே பெய்துகொண்டிருந்த மழையைப் பற்றியா, கற்றதைக் காட்டவா தெரியாது. பிறகு தம்பி இருந்த பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டி, இவன் / சோறு / ஆறிப்போகும் / பேசிப் பேசி என்றாள். அக்கா உரக்கச் சிரித்தாள். கண்ணீர் வந்ததால் கண்ணாடி கலங்கியது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அந்தப் பெண் இப்போது சிரிக்கவில்லை. தன்னைத் தொட்டுக் காட்டினாள். தம்பியைக் காட்டினாள். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துவைத்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்து, விரல்களைக் கூரை மாதிரிச் சாய்த்து, புருவத்தை உயர்த்தினாள்.

உன் வீட்டுக்கு / நான் / வரலாமா?

அவ்வளவுதான் முக்கிய விஷயம். எழுத வராது என்று அவன் சொன்னது சரிதான். எழுதியிருந்தால் 'கல்யாணம். பெண் நல்லவள்.' என்று வந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துபோனது. அந்தப் பெண்ணின் கை கூரையாகவே நின்றது, புருவம் உயர்ந்தபடியே நின்றது.

8

கதையை இங்கேயே நிறுத்திவிடலாம் என்று ஒரு ஆசை. உறைந்த படம், பதில் இல்லாத கேள்வி. பத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பெண் நாற்பது நாள் படித்திருக்கிறாள் ஐயா. அவளை அந்தரத்தில் விட்டுவிட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

இன்னொரு முடிவு: கல்யாண மண்டபம், மாலை, கூட்டத்தில் விற்பனை— [இவன் எதற்கு அங்கே வருகிறான்? யார் கூப்பிட்டது?]

மூன்றாவது: பல வருஷம் கழித்து ஒரு குழந்தை அந்த முந்நூறு சொல்லையும்— [அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாததை எழுதுகிறேன் என்பதும் தெரிகிறது.]

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

9

திங்கட்கிழமை காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா வாசலில் நின்றிருந்தாள். விற்பனையாளன்— சரி, நான். இனி எதற்கு ஒளிவுமறைவு? எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்தது. அதற்கு அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. கண்ணாடி, ஸ்டூல், மீசை, நீலச் சட்டை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். வாய் சொல்லச் சொல்லக் கையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது.

"மாத்திக் குடுங்க," என்றாள் கடைசியில். "அந்தப் பொட்டு கேமரா போனு. கண்ணாடி வழியா பாத்தா அந்தப் பொண்ணு கை ரொம்பச் சின்னதா தெரியுது."

மாற்றிக் கொடுத்தேன். முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

"படம் நின்னுபோச்சுன்னீங்களே," என்றேன். "அப்புறம் என்னாச்சு?"

"நின்னா என்ன? அது பாட்டுக்கு நிக்கட்டும்னு நான் பதில் சொல்லிட்டே இருந்தேன். எப்ப நகரும்னு தெரியாதில்ல? நகரும்போது என் கை சும்மா இருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். இருபது தடவை இருக்கும்."

"நகந்துச்சா?"

"நகந்துச்சு."

"அதான், என்ன பதில் சொன்னீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். பையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். தன் கையாலேயே செய்துகாட்டினாள்.

அதைத் தமிழில் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு கையும் முன்னால் நீளும், உள்ளங்கைகள் மேலே பார்க்கும். பத்து விரலும் ஒன்றுசேர்ந்து தன் பக்கமாக மடங்கும், ஒருதரம் இல்லை, மூன்று தரம், மூன்றாவது முதல் இரண்டையும்விட வேகமாக. பிறகு இரண்டு கையும் குறுக்காக நெஞ்சில் வந்து இறுக்கமாக நிற்கும். தலை ஒருபக்கம் சாயும்.

கடையில் நின்று அதைப் பார்த்தவன், இத்தனை வருஷம் கழித்து, அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. ஆகவே கடைசி வரியை நீங்கள்தான் சொல்ல வேண்டும், வாயால் இல்லை. இதைக் கீழே வைத்துவிட்டு ஒருதரம் செய்துபாருங்கள். எதிரில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள்.